நாலு தம்ளர் தண்ணீர்

நாலு தம்ளர் என்றால் நாலு தம்ளர்தான். காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மத்தியானச் சாப்பாட்டோடு ஒன்று, பொழுது சாயும்போது ஒன்று. அதற்கு மேல் ஒரு மடக்குக்கூடக் கிடையாது என்று புருஷன் சொல்லிவிட்டான். சொன்னதோடு விட்டானா? சமையலறைக் குழாயின் திருகைக் கழற்றித் தன் வேலைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். குழாய் வேலைக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டால் கிடைக்கிற வசதி இது. வேறு எந்தப் புருஷனுக்கு இப்படியொரு யோசனை தோன்றும்?

இப்போது மணி பதினொன்று. இரண்டாவது தம்ளரைக் குடித்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அவள் காலை நீட்டி நாற்காலியில் சாய்ந்திருந்தாள். ஏழு மாதம் முடிந்து சில நாள்தான் ஆகிறது. ஆனால் வயிற்றைப் பார்க்கிறவர்கள் இன்றைக்கா நாளைக்கா என்று கேட்டார்கள். இரட்டையா என்றும் கேட்டார்கள். படுத்தால் மூச்சு முட்டியது, உட்கார்ந்தால் நெஞ்சை அடைத்தது, நடந்தால் இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. உள்ளே இருப்பது ஒரே பிள்ளைதான். மீதியெல்லாம் தண்ணீர்.

பேக்கரியில் அவளுக்குப் பூக்காரி என்று பெயர். பூ விற்பவள் இல்லை, கேக்கின் மேல் க்ரீமில் பூப் போடுகிறவள். கூம்புப் பையில் க்ரீமை அடைத்து மணிக்கட்டை ஒரு சுழற்றுச் சுழற்றினால் ரோஜா மலரும். பதினோரு வருஷமாக அந்தக் கை இப்படிச் சுழல்கிறது. போன வருஷம் ஐந்தாவது மாதத்தில் முதல் பிள்ளை தங்காமல் போனபோதுகூட, பத்தாம் நாள் போய் ரோஜா போட்டாள். போட்ட ரோஜா ஒவ்வொன்றும் அவளுக்குச் சவத்தின் மேல் வைக்கிற பூவாகத் தெரிந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

அந்தத் தடவை நாத்தனார் ஒரு வார்த்தை சொன்னாள். "அஞ்சு மாசத்துல அடுப்புத் தட்டெல்லாம் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சா எப்படித் தங்கும்?" புருஷன் அதட்டி அடக்கினான். அடக்கி என்ன செய்ய? வார்த்தை போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்துவிட்டது. தன்னால்தான் போயிற்று என்பது அவளுக்குள் ஒரு முள்ளாகத் தைத்து, எடுக்கவும் வராமல் உள்ளேயே நின்றுவிட்டது. இந்தப் பிள்ளையாவது உயிரோடு கைக்கு வர வேண்டும். அவளுக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டாம்.

இரண்டு வாரம் முன்னால் ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா, வயிற்றை நாலு பாகமாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் தண்ணீரின் ஆழத்தை அளந்து கூட்டினாள். இருபத்தாறு வந்தது. இருபத்து நாலைத் தாண்டினால் அதிகமாம். "பனிக்குட நீர் ஜாஸ்தியா இருக்கு. சாப்பாட்டு விஷயத்துக்கு டயட் மேடத்தைப் பாருங்க. ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி ஸ்கேன் பண்ணலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டாள். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். பாவம், அவளும் எத்தனை பேருக்குத்தான் விளக்குவாள்?

டாக்டர் விளக்காததைக் குழாய்க்காரன் விளக்கினான். பஸ்ஸில் வரும்போதே விளக்கம் தொடங்கிவிட்டது. "தொட்டி நிரம்பி வழியுதுன்னா முதல்ல என்ன பண்ணுவோம்? வர்ற குழாயை மூடுவோம். அவ்வளவுதான் விஷயம்." இருபது வருஷத் தொழில் அனுபவம் பேசுகிறது, யார் குறுக்கே பேச முடியும்? மறுநாளே அவன் அக்காள் பெட்டியோடு வந்து இறங்கினாள். அவள் பங்குக்கு ஒரு பட்டியல் வைத்திருந்தாள். தர்பூசணி ஆகாது, வெள்ளரி ஆகாது, ஆரஞ்சு ஆகாது, சூப் ஆகாது, உப்பு பாதி போதும். ஈரமாக இருக்கிற எதுவும் அந்த வீட்டுக்குள் நுழைய முடியவில்லை.

"உனக்காகவா சொல்றேன்? உள்ள இருக்கிற ஜீவனுக்காகச் சொல்றேன்" என்றாள் நாத்தனார். முதல் பிள்ளை போனதற்கு அவளும் அழுதவள்தான். வாய்தான் கொஞ்சம் நீளம், மனசு கெட்டதில்லை.

ஆனால் தாகம் என்ன செய்யும்? அது யார் பட்டியலுக்கும் கட்டுப்படவில்லை. பூக்காரி குளிக்கப் போகிற சாக்கில் குளியலறைக் கதவைத் தாழிட்டு, வாளிக்குள் கையை விட்டு அள்ளி அள்ளிக் குடித்தாள். சத்தம் கேட்காமலிருக்க விழுங்கும்போது குழாயைத் திறந்துவிட்டாள். குடித்து முடித்ததும் அழுகை வந்தது. உள்ளே போன ஒவ்வொரு மடக்கும் நேராகப் போய்ப் பிள்ளையின் தலையில் கொட்டுவதாக அவளுக்குத் தோன்றியது. பெற்ற பிள்ளையைத் தாயே தண்ணீரில் அமுக்குகிறாளே என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிடுவாள். அரை மணி நேரம் கழித்து மறுபடி தொண்டை வறளும்.

டயட் மேடம் நல்ல மாதிரி. மூன்று நாள் என்னென்ன சாப்பிட்டாய் என்று எழுதி வரச் சொல்லி ஒரு தாள் கொடுத்தாள். அந்த வாரம் பூக்காரி இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒன்று விடாமல் எழுதினாள். காலையில் ரொட்டி இரண்டு, முட்டை ஒன்று. மத்தியானம் சோறு, பருப்பு, கீரை. சாயங்காலம் சர்க்கரை போடாத டீ. இனிப்பு என்ற கட்டத்தில் 'தொடுவதே இல்லை' என்று எழுதி அடிக்கோடும் இட்டாள்.

"இவ்வளவு சுத்தமா யாரும் சாப்பிடறதில்லம்மா. நான் மாத்தறதுக்கு இதுல ஒண்ணுமே இல்ல" என்றாள் மேடம்.

அவள் எழுதியது பொய்யில்லை. அவளைப் பொறுத்தவரை சத்தியம். பேக்கரிக்காரர்கள் இனிப்புத் தின்பதில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை பாகு வாசனையில் வெந்துகொண்டிருப்பவர்களுக்கு ஒரு துண்டு கேக்கைப் பார்த்தாலே குமட்டும். "நமக்கெல்லாம் சக்கரை வியாதி எங்கேருந்து வரும்? மூக்காலேயே தின்னு முடிச்சிட்டோம்" என்பது அங்கே நிரந்தர வேடிக்கை. ஆனால் ஒவ்வொரு கலவை க்ரீமும் இறங்கியதும் புறங்கையில் ஒரு துளி வைத்து நக்கிப் பார்ப்பார்கள். சர்க்கரை கரைந்ததா, எசன்ஸ் சரியா என்று பார்க்க வேண்டும். பூ போடும்போது கூம்பின் முனையில் திரளுகிற க்ரீமையும் துணியில் துடைக்காமல் நாக்கால் வழித்து எடுப்பாள். ஒரு நாளைக்கு ஐம்பது தடவையோ அறுபது தடவையோ, யார் எண்ணினார்கள்? அது வேலை. அதைப் போய்ச் சாப்பாடு என்று தாளில் எழுதுவார்களா?

அது தெரியாமல் செய்தது. தெரிந்து செய்தது ஒன்று இருக்கிறது. 

ஆறாம் மாதத்தில் சர்க்கரைப் பரிசோதனை. வெறும் வயிற்றோடு போய் ஒரு பெரிய கோப்பை குளுக்கோஸ் தண்ணீரைக் குடித்துவிட்டு, இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து, பிறகு ரத்தம் கொடுக்க வேண்டும். லேப் பெண் முன்னாலேயே சொன்னாள்: "வாந்தி வந்துச்சுன்னா சொல்லிடுங்க, இன்னைக்கு டெஸ்ட் செல்லாது. வேற ஒரு நாள் வரணும்." அந்தத் தண்ணீர் தொண்டையில் இறங்கும்போதே பேக்கரியின் பாகுக் கொப்பரை கண்முன்னால் வந்துவிட்டது. ஐந்து நிமிஷம் தாங்கினாள். ஆறாவது நிமிஷம் கழிவறைக்கு ஓடினாள். கோப்பையில் இருந்தது அப்படியே வெளியே வந்தது.

வாயைக் கொப்பளித்துக்கொண்டு கண்ணாடியில் முகத்தைப் பார்த்தாள். வெளியே போய்ச் சொல்ல வேண்டியதுதான். ஆனால் வேற ஒரு நாள் என்றால் எந்த நாள்? ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு நூற்றிருபது கேக். அரை நாள் லீவுக்கே சூப்பர்வைசர் முகத்தை மூன்று முழம் நீட்டியிருந்தார். அவளுக்கு எதற்குச் சர்க்கரை வரப்போகிறது? இனிப்பைத் தொடாதவள். கொஞ்சமாவது உள்ளே நின்றிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். லேப் பெண் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. மறுநாள் ரிப்போர்ட் வந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று போட்டிருந்தது. புருஷன் அதை ஏதோ பட்டம் வாங்கிய மாதிரி ஃபைலில் முதல் பக்கமாக வைத்தான்.

இரண்டு வாரம் முடிந்து எடுத்த இரண்டாவது ஸ்கேனில் முப்பத்திரண்டு வந்தது.

டாக்டரம்மா இந்தத் தடவை அடுத்தவளைக் கூப்பிடவில்லை. கதவைச் சாத்தச் சொன்னாள். 

"தண்ணி எவ்வளவு குடிக்கிறீங்க?" என்று கேட்டாள் டாக்டரம்மா.

அவள் வாயைத் திறப்பதற்குள் புருஷன் முந்திக்கொண்டான். "நாலே தம்ளர்தான் டாக்டர். ஒரு சொட்டு கூடக் கிடையாது."

"அப்ப தாகம் ஒண்ணும் இல்ல. கொஞ்சம் கூடவே குடிக்கலாமே" என்று சொல்லிக்கொண்டே டாக்டரம்மா ஃபைலில் எழுதினாள். பூக்காரி அந்தப் பேனாவையே பார்த்தாள். வறண்ட நாக்கை வாய்க்குள் ஒருமுறை புரட்டினாள். வாளித் தண்ணீரை அள்ளிக் குடிப்பதை இவன் முன்னால் எப்படிச் சொல்வது?

"குடிக்கிறதாலதானே டாக்டர் ஏறுது?" என்றான் புருஷன்.

"நீங்க நினைக்கிற மாதிரி அது நேரா அங்க போறதில்லைங்க. உள்ள இருக்கிற தண்ணி பெரும்பாலும் குழந்தை போற ஒண்ணுக்குதான். அதையே குழந்தை குடிக்கும், திரும்பப் போகும். ரெண்டும் சமமா நடந்துக்கிட்டிருந்தா அளவு மாறாது."

குழாய்க்காரன் ஒரு நிமிஷம் யோசித்தான். யோசிக்க யோசிக்க அவன் முகம் கறுத்துக்கொண்டே போயிற்று. "அப்படின்னா ரெண்டுல ஒண்ணு. வரத்து ஜாஸ்தியாகணும். இல்லைன்னா வடிகால் அடைச்சிருக்கணும்."

டாக்டரம்மா அவனை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "சரியாச் சொன்னீங்க. அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தா குழந்தைக்கும் ரத்தத்துல ஏறும், அது நிறைய ஒண்ணுக்குப் போகும். அது வரத்து. அப்படி இருந்தா நமக்கு வைத்தியம் இருக்கு. ஆனா இவங்களுக்குச் சர்க்கரை இல்ல, ரிப்போர்ட் இருக்கு. கிருமி எதுவும் இல்ல, பார்த்தாச்சு. ரெட்டைக் குழந்தையும் இல்ல. சில பேருக்குக் காரணமே தெரியாமப் போறதும் உண்டு. ஆனா இவ்வளவு வேகமா ஏறும்போது குழந்தை விழுங்குதான்னு பார்க்கணும். உணவுக்குழாய் அடைச்சிருந்தா விழுங்க முடியாது. இன்னைக்குக் குழந்தையோட இரைப்பை எனக்குச் சரியாத் தெரியல. அப்பதான் காலியாகியிருக்கலாம். வேற மாதிரியும் இருக்கலாம்."

டாக்டரம்மா ஒரு தாளை இழுத்து எழுத ஆரம்பித்தாள்.

"பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன். வயித்துல ஊசி விட்டுக் கொஞ்சம் தண்ணி எடுப்பாங்க. உங்களுக்கும் மூச்சு லேசாகும், குழந்தைக்குப் பிறவிக் கோளாறு இருக்கான்னும் டெஸ்ட் பண்ணலாம். ஊசியால முன்கூட்டியே வலி வந்துட ஒரு சின்ன வாய்ப்பு இருக்கு. அதையும் சொல்லிடறேன்." எழுதிக்கொண்டே வந்தவள் ஃபைலின் முதல் பக்கத்தைப் புரட்டினாள். "இந்தச் சர்க்கரை டெஸ்ட் எடுத்தப்போ முழுசாக் குடிச்சீங்கதானே? வாந்தி ஏதும் வரலையே?"

கேட்டுவிட்டாள். கேட்க வேண்டிய கேள்வியை, கேட்க வேண்டிய ஆள், கேட்க வேண்டிய நேரத்தில் கேட்டுவிட்டாள். பூக்காரி புருஷனைப் பார்த்தாள். பதினாறு வயசுப் பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கண் இரண்டும் சிவந்திருந்தன. போன தடவையும் இவளால், இந்தத் தடவையும் இவளால் என்று வீட்டில் இரண்டு பேர் நினைத்துக்கொள்ள, அந்த வீட்டில் அவள் எப்படி மூச்சு விடுவாள்?

"வரல டாக்டர்" என்றாள்.

சொன்ன வாயை அங்கேயே தைத்துவிடலாம் போலிருந்தது. ஆனால் சொல்லியாகிவிட்டது. டாக்டரம்மா தலையை ஆட்டிவிட்டுத் தாளை மடித்தாள்.

வீட்டில் சேதி கேட்ட நாத்தனார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும், "நேராப் போகாதுன்னுதானே அந்தம்மா சொன்னாங்க, சுத்தி வளைச்சும் போகாதுன்னு சொன்னாங்களா? எதுக்கும் நாலு தம்ளரே இருக்கட்டும்" என்றாள். புருஷன் மறுத்துப் பேசவில்லை. குழாயின் திருகு பைக்குள்ளேயே கிடந்தது. கண்முன்னே செய்வதற்கு ஏதோ ஒன்று இருக்கிறதே என்று அவனும் அதைப் பிடித்துக்கொண்டான். மனுஷன் வேறு எதைப் பிடித்துக்கொள்வான்?

அவன் அதற்கப்புறம் குளிக்க ஆரம்பித்தான். வேலையிலிருந்து வந்ததும் ஒரு குளியல், சாப்பிடும் முன் ஒரு குளியல். உடம்பு சிவக்கும்வரை தேய்த்தான். துணிகளை வீட்டுக்கு வெளியிலேயே ஊறப்போட்டான். பூக்காரியின் பக்கத்தில் உட்காரவில்லை, அவள் தட்டைத் தொடவில்லை. மறுநாள் சாயங்காலம் குளியலறைக் கதவின் அருகே போனவள் உள்ளே அவன் விம்முவதைக் கேட்டாள். அவனும் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுதான். அவள் தண்ணீர் குடிப்பதை மறைத்த அதே குழாய். கதவைத் தட்டக் கையைத் தூக்கினாள். தட்டவில்லை. என்ன ஜென்மம் இது என்று தன்னையே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது, துப்புவதற்கு வாயில் எச்சிலும் இல்லை.

அதற்கடுத்த நாள் காலை பெரிய ஆஸ்பத்திரி. நாத்தனாரை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு இவர்கள் இருவரையும் உள்ளே விட்டார்கள். உயரமான கட்டில், பக்கத்தில் ஸ்கேன் மெஷின், தட்டில் பச்சைத் துணி மூடிய ஊசி. பெரிய டாக்டர் தலை நரைத்தவர். அவசரப்படாமல் பேசினார். ஒரு படிவத்தை நீட்டி எல்லாவற்றையும் படித்துக் காட்டினார். கர்ப்பம் கலையவோ குறைமாதத்தில் பிரசவமாகவோ வாய்ப்பு உண்டு என்ற வரியைப் படிக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஏதாவது கேட்கணுமா?"

"கேட்கறதுக்கு இல்ல டாக்டர், சொல்றதுக்கு ஒண்ணு இருக்கு" என்றான் புருஷன்.  "காரணம் நான்தான். அதை எழுதிக்குங்க. மூணு வருஷமா அடைச்ச சாக்கடைக் குழாயில ஆசிட் ஊத்திக்கிட்டிருக்கேன். அந்த நெடி என் துணியோட வீட்டுக்கு வருது. இவதான் அதைத் துவைச்சா. போன தடவையும் இவதான் துவைச்சா. குழந்தையோட குழாய் அடைச்சுப் போச்சுன்னா அது என் பாவம் டாக்டர், இவளை யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது. எங்க அக்கா கிட்டயும் நீங்களே சொல்லிடுங்க."

சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தான். படிவத்தின் கீழ்க்கோட்டில் வைத்தான். 

"போடாதீங்க" என்றாள் பூக்காரி.

அவன் திரும்பினான்.

"போடாதீங்க. நான் வாந்தி எடுத்துட்டேன்."

"இப்பவா?"

"அன்னைக்கு. சர்க்கரை டெஸ்ட்டன்னைக்கு. குடிச்சதெல்லாம் கழிவறையில போயிடுச்சு. நான் சொல்லல. லீவு இல்லைன்னு சொல்லல. அந்த ரிப்போர்ட் பொய் டாக்டர். அந்த டாக்டரம்மா கேட்டாங்க, வரலைன்னுட்டேன். இவர் முன்னாடி சொல்லப் பயந்துட்டேன்." ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. அடைத்து வைத்ததெல்லாம் ஒரேயடியாக வந்தது. "எனக்குத் தாகம் உயிர் போகுது டாக்டர். இவர் நாலு தம்ளர்தான் குடிக்கச் சொன்னார். நான் திருட்டுத்தனமா வாளியிலேருந்து குடிக்கிறேன். குடிக்கக் குடிக்க அடங்கல. ஒரு நாளைக்குப் பதினஞ்சு தடவை ஒண்ணுக்குப் போறேன். இனிப்பு தொடமாட்டேன்னு எழுதிக் கொடுத்தேன். தொடமாட்டேன்தான், ஆனா க்ரீம் ருசி பார்ப்பேன். அறுபது தடவை நக்குவேன். அது சேர்த்தியா டாக்டர்? அதுவும் சேர்த்திதானா?"

பெரிய டாக்டர் படிவத்தை அவன் கையிலிருந்து வாங்கி மேஜையில் கவிழ்த்து வைத்தார். "காலையில என்ன சாப்பிட்டீங்க? எப்போ?"

"ரெண்டு ரொட்டி. ஒன்பது மணிக்கு."

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றரை. நர்ஸ் ஒரு சின்னக் கருவியைக் கொண்டுவந்தாள். விரல் நுனியில் ஒரு குத்து. ஒரு துளி ரத்தம். கருவியின் திரையில் ஐந்திலிருந்து எண்கள் இறங்க ஆரம்பித்தன.

ஐந்து வினாடி எவ்வளவு நீளம் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. உலகத்தில் அத்தனை பேரும் சர்க்கரை இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்வார்கள். அவள் இருக்க வேண்டும் என்று வேண்டினாள். எனக்கு வரட்டும், எவ்வளவு வேண்டுமானாலும் வரட்டும், ஆயுசு முழுக்க இருக்கட்டும், ஊசி குத்திக் குத்தி உடம்பு சல்லடையாகட்டும். கோளாறு என்னிடம் இருக்கட்டும், அதனிடம் இல்லாமலிருக்கட்டும். கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"இருநூத்தி நாப்பத்தெட்டு" என்றாள் நர்ஸ்.

பூக்காரி சிரித்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. "இருக்கா? எனக்கு இருக்கா?" என்று நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். சர்க்கரை இருக்கிறது என்று கேட்டு இப்படிச் சந்தோஷப்பட்டவளை அந்த நர்ஸ் பார்த்திருக்கமாட்டாள்.

"இருக்கும்மா. நிறையவே இருக்கு" என்றார் பெரிய டாக்டர். "லேபுக்கும் அனுப்பி உறுதிப்படுத்திக்கிறேன். இப்பவே ரொம்பச் சந்தோஷப்படாதீங்க, குழந்தை விழுங்குதான்னு இன்னும் பார்க்கல. படுங்க."

வயிற்றில் குளிர்ந்த களிம்பைத் தடவினார். திரையில் சாம்பல் நிறத்தில் ஏதேதோ நகர்ந்தது. புருஷன் தள்ளியே நின்றான், ஆசிட் நெடி பிள்ளைக்குப் பட்டுவிடும் என்று. டாக்டர் ஒரே இடத்தில் கருவியை வைத்துக்கொண்டு காத்திருந்தார். பத்து நிமிஷம் ஆயிற்று.  பதினைந்து நிமிஷம் ஆயிற்று. அவள் டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அந்த முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. முதுகுக்கு அடியில் வேர்வை ஊறியது.

"இங்க வாங்க" என்று டாக்டர் புருஷனைக் கூப்பிட்டார். "இது உதடு. பாருங்க, திறக்குது. மூடுது. இப்ப கீழே இந்தக் கறுப்பு வட்டம் தெரியுதா? நான் ஆரம்பிச்சப்போ இது கடுகளவுதான் இருந்தது. இப்ப பாருங்க. இதுதான் இரைப்பை. நிரம்பிக்கிட்டிருக்கு."

குழாய்க்காரன் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனான். வெகு நேரம் பார்த்தான்.

"குடிக்குது" என்றான். "தண்ணி குடிக்குது டாக்டர்."

"குடிக்குது. பிறந்து கையில வாங்கற வரைக்கும் முழு உத்தரவாதம் யாராலும் தர முடியாது. ஆனா அடைப்பு இருக்கிற மாதிரி எனக்குத் தெரியல. இன்னைக்கு ஊசி வேண்டாம். ஆஸ்பத்திரியில சேருங்க, இன்சுலின் ஆரம்பிக்கலாம். சர்க்கரை கட்டுப்பட்டா இந்தத் தண்ணியும் மெல்லக் குறையலாம்." டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டார். அவள் பக்கம் திரும்பினார். "சர்க்கரை வந்தது உங்க தப்பு இல்லம்மா. கர்ப்பத்துல எத்தனையோ பேருக்கு வருது, கேக் பக்கமே போகாதவங்களுக்கும் வருது. மறைச்சதுதான் தப்பு. இன்னும் ரெண்டு நிமிஷம் மறைச்சிருந்தீங்கன்னா நான் ஊசியை எடுத்திருப்பேன்." அவனைப் பார்த்தபோது குரல் மாறியது. "உங்களுக்கு வேற ஒண்ணு சொல்லணும். கர்ப்பிணிக்குத் தண்ணியை நிறுத்தி வைக்கணும்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?"

அவன் விறுவிறுவென்று வெளியே போய்விட்டான்.

நர்ஸ் அவள் வயிற்றுக் களிம்பைத் துடைத்துத் தூக்கி உட்காரவைத்தாள். பூக்காரிக்குப் பயமாக இருந்தது. கோபித்துக்கொண்டு போய்விட்டானோ? போனால் போகட்டும், நியாயம்தானே? இரண்டு நாளாக அவனை அழ விட்டவள். குளியலறைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள். வெளியே பெஞ்சில் நாத்தனார் ஏதோ கேட்பதும் அவன் "சும்மா இரு அக்கா" என்பதும் காதில் விழுந்தன.

அவன் திரும்பி வந்தபோது கையில் ஒரு பெரிய தண்ணீர்ப் புட்டியும் ஒரு காகிதத் தம்ளரும் இருந்தன. முகத்தைப் பார்க்கவில்லை. தம்ளரை நிரப்பி நீட்டினான். அவள் இரண்டு கையாலும் வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். நாடியில் வழிந்து ரவிக்கை நனைந்தது. மறுபடி நிரப்பினான். குடித்தாள். மறுபடி நிரப்பினான்.

"ஏன் சொல்லல?" என்றான், தம்ளரைப் பார்த்துக்கொண்டே.

"போன தடவை மாதிரி ஆயிடும்னு..." என்றாள்.

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு நாலாவது தம்ளரை நீட்டினான். அவள் அதையும் குடித்து, வாயைத் துடைத்து, தம்ளரைக் கட்டிலின் ஓரத்தில் கவிழ்த்து வைத்தாள். தொண்டை இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் இரண்டு வாரப் பழக்கம் விடவில்லை.

"நாலு ஆயிடுச்சுங்க" என்றாள்.

அவனுக்கு அதுவரை அடங்கியிருந்தது அப்போதுதான் உடைந்தது. இந்தத் தடவை அழுவதற்கு அவன் எந்தக் குழாயையும் திறந்துவிடவில்லை. நர்ஸ் பார்க்க, டாக்டர் பார்க்க, கதவு இடுக்கில் எட்டிப்பார்த்த அக்காள் பார்க்க, நின்ற இடத்தில் நின்று அழுதான். அழுதுகொண்டே தம்ளரை நிமிர்த்தி ஐந்தாவதை ஊற்றினான்.